பதினாலாம் வரிசை மூலைக்கடை

ரெங்கராஜுக்கு அன்று காலையில் குடித்த சாயா நெஞ்சைவிட்டு இறங்கவே இல்லை. சாயாவில் ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் பாலகுருவின் பெயரை வாசித்ததில்தான் இருந்தது.

ஷார்ஜா தொழில்பேட்டையில் இருந்த அந்த மருத்துவப் பொருள் குடோனில் பிக்கர் வேலைக்கு இருபத்திரண்டு பேர். ஆஸ்பத்திரிகளிலிருந்து ஆர்டர் வரும். எந்த வரிசை, எந்த ரேக், எத்தனை பெட்டி என்று கையிலிருக்கும் ஸ்கேனர் காட்டும். தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போய், ரேக்கில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை ஸ்கேன் செய்து, பொருளை எடுத்து, பேக்கிங் மேஜையில் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். நாளொன்றுக்கு இருபது கிலோமீட்டர் நடை. இந்த இருபத்திரண்டு பேரில் வேகக்காரன் யார் என்று கேட்டால் பேக்கிங் மேஜை சப்ரீனாவிலிருந்து ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் பட்டான் வரைக்கும் ஒரே பெயரைத்தான் சொல்வார்கள். ரெங்கராஜ், ஐடி நம்பர் ஏழு, பதினோரு வருட சர்வீஸ்.

அப்படியிருக்க, காலைக் கூட்டத்தில் சூப்பர்வைசர் யஹ்யா பாய்க்குப் பக்கத்தில் நின்ற பெண் பாலகுருவின் பெயரை வாசித்தாள். அவள் பெயர் சம்யுக்தா. துபாயிலிருந்து கம்பெனி வரவழைத்திருந்த சிமுலேஷன் இன்ஜினியர், கோயம்புத்தூர்க்காரி.

"ரோபோ வண்டி வாங்கறதுக்கு முன்னாடி, உங்க வேர்ஹவுஸ அப்படியே கம்ப்யூட்டருக்குள்ள கட்டி ஓட்டிப் பார்க்கப் போறோம்ங்க. அதுக்குள்ள நடக்க ஆளும் வேணுமில்லீங்களா? உங்கள்ல ஒருத்தர் நடக்கறதப் பதிவு பண்ணிக்கறோம். மூணு நாளைக்கு இடுப்புல ஒரு டேக் கட்டிக்கிட்டு வழக்கம்போல டூட்டி பார்த்தாப் போதும். பாலகுரு யாருங்க?"

பாலகுரு கையைத் தூக்கினான். எல்லோரும் கைதட்டினார்கள். அவன் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தான். அந்தச் சிரிப்பு ரெங்கராஜின் கண்ணில் மண்ணாக விழுந்தது.

பாலகுரு அந்நியன் ஒன்றும் இல்லை. ரெங்கராஜின் மனைவி நாகஜோதியின் கூடப்பிறந்த தம்பி. நாலு வருடத்துக்கு முன்னால் சிவகங்கையில் செல்போன் கவர் விற்றுக்கொண்டிருந்தவனுக்கு, யஹ்யா பாயின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி விசா வாங்கிக் கொடுத்தது ரெங்கராஜ்தான். தொழிலாளர் கேம்ப்பில் கீழ்க்கட்டிலை அவனுக்கு விட்டுக்கொடுத்து மேல்கட்டிலுக்கு ஏறியதும் ரெங்கராஜ்தான். வளர்த்த கடா மார்பில் பாய்ந்துவிட்டது என்று அவனுக்குப் பட்டது. கடா பாயவில்லை, பாவம், நின்ற இடத்தில் நின்று சிரித்துக்கொண்டுதான் இருந்தது என்பதெல்லாம் எரிகிற வயிற்றுக்கு எங்கே தெரியப் போகிறது?

டீ பிரேக்குக்குள் பேச்சுக் கிளம்பிவிட்டது. யார் நடை கம்ப்யூட்டருக்குள் போகிறதோ அவன்தான் நாளைக்கு ரோபோக்களுக்கு மேஸ்திரி, மற்றவர்களில் பாதிப் பேருக்குக் கலாஸ், வேலை முடிந்தது, ஊருக்கு டிக்கெட். இதைக் கிளப்பியது யார் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் எல்லோரும் நம்பினார்கள். ரெங்கராஜ் நேராக யஹ்யா பாயிடம் போனான்.

"என்ன பாய் இது? நான் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் நிக்கையில..."

கீழக்கரைக்காரரான யஹ்யா பாய் தாடியைத் தடவினார். "எனக்கென்ன தெரியும் ரெங்கராஜு? ஆறு மாச ஸ்கேனர் ரெக்கார்டப் பாத்து அந்தப் பொண்ணாத்தான் எடுத்துச்சு. என்னய என்ன செய்யச் சொல்றீக?"

ரெக்கார்டைப் பார்த்துத்தான் எடுத்தாளாம். ரெக்கார்டில் முதல் ஆள் யார்? இந்தக் கேள்வியை ரெங்கராஜ் அன்று முழுக்க மென்றுகொண்டிருந்தான்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நாகஜோதி வீடியோவில் வந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பை அவன் கண்டு எத்தனையோ நாள் ஆகியிருந்தது.

"ஏங்க, தம்பி சொன்னான். அவன் நடக்குறதப் பாத்துத்தான் அந்த மிசினெல்லாம் நடக்கப் பழகுமாமே? நான் தெருக்கோடி உமாராணி அக்கா வீடு வரைக்கும் போயிச் சொல்லிட்டு வந்துட்டேன்."

"நானுந்தான் பதினோரு வருசமா நடக்குறேன்," என்றான் ரெங்கராஜ்.

"நீங்க நடக்குறது வேறங்க. நீங்க பரபரன்னு போவீக. அவன் நடை சின்னதுலேருந்தே ஒரு அழகு."

அவள் கள்ளமில்லாமல் சொன்னாள். அதுதான் கூடுதலாக வலித்தது. பதினோரு வருடத்தில் தன் நடையைப் பற்றி இவள் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லியிருப்பாளா என்று யோசித்துப் பார்த்தான். நெட் சரியில்லை என்று சொல்லி போனை வைத்துவிட்டான்.

இனி மூலைக்கடையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ரெங்கராஜின் வேகத்தின் ரகசியம் அவன் காலில் பாதிதான், மீதிப் பாதி அந்த மூலையில் இருந்தது.

பதினாலாம் வரிசை முடிகிற இடத்தில், பேக்கிங் மேஜைக்குப் பத்தடி தள்ளி, ஒரு தூண் உண்டு. தூண் மறிப்பதால் அங்கே ரேக்கின் அடித்தட்டுக்கு ஃபோர்க்லிஃப்ட் போகாது. கம்ப்யூட்டரில் அது காலி இடம். ஆறு வருடத்துக்கு முன் ரெங்கராஜ் அதில் கடை போட்டான். தினமும் டூட்டிக்குக் கால்மணி நேரம் முன்னால் வந்து, ஆஸ்பத்திரிக்காரர்கள் ஓயாமல் கேட்கிற எட்டுச் சாமான்களை, எம் சைஸ் கையுறை, குளுக்கோஸ் ஏற்றும் ட்ரிப் செட், ஐந்து எம்.எல். சிரிஞ்சு என்று, தூரத்து ரேக்குகளிலிருந்து இறக்கி அந்தத் தட்டில் அடுக்கிவிடுவான். அந்த ரேக்குகளின் ஸ்டிக்கர்களை ரோலா கடைவீதியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நகலெடுத்து, அட்டையில் ஒட்டி, தட்டின் உட்புறம் செருகியிருந்தான். பிறகென்ன? நூறு மீட்டர் நடக்க வேண்டிய இடத்தில் பத்தடி எடுத்துவைத்து, குனிந்து நகலை ஸ்கேன் செய்தால் தீர்ந்தது. அவன் தூரத்து ரேக்கின் முன்னால் நிற்பதாகக் கம்ப்யூட்டர் நம்பிக்கொள்ளும். ஒரு பஞ்சுகூடக் குறையாது. ஆனால் ஸ்டிக்கரை நகலெடுப்பது அந்தக் கம்பெனியில் திருட்டுக்குச் சமம், பிடிபட்டால் வேலை போய்விடும்.

விஷயம் தெரிந்தவர்கள் இரண்டே பேர், அவனும் பாலகுருவும். சாயங்கால நெரிசலில் மட்டும் பாலகுருவுக்கு அதில் பங்கு உண்டு.

பதிவு தொடங்குகிற அன்று கேம்ப் பஸ்ஸில் பாலகுரு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். குரலைத் தாழ்த்தி, "மச்சான், இந்த மூணு நாளைக்கு மூலைக்கடை வேணாம். நான் நேரா ரேக்குக்கே போயிர்றேன். டேக்ல தெரிஞ்சுபோச்சுன்னா உங்களுக்குத்தான் கஷ்டம்," என்றான்.

நல்லவனாகத்தான் பேசினான். அந்த நல்லதனத்தைப் பார்க்கப் பார்க்க ரெங்கராஜுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவன் ரேக் ரேக்காக அழகு நடை நடப்பான், அதைப் பார்த்து ஊரே கைதட்டும், இல்லையா?

"அட, நீ எங்க நிக்கிறன்னுதான் மாப்ளே டேக் காட்டும். என்ன எடுக்குறன்னா காட்டப் போகுது? இந்த மூணு நாளுந்தான் முக்கியம். நாள் முழுக்க எடுத்துக்க. நான் எல்லாம் வச்சிருக்கேன், போ."

"வச்சிருக்கீகளா?"

"வச்சிருக்கேன்டா."

வைக்கவில்லை. எம் சைஸ் கையுறை இருக்க வேண்டிய இடத்தில் எல் சைஸை வைத்தான். ட்ரிப் செட் பெட்டியில் வெறும் அட்டையை வைத்தான். முழுக்கக் காலியாக விட்டால் பாலகுரு அந்தப் பக்கமே வராமல் போய்விடுவான் என்று தெரியும். அதனால் பத்து தடவைக்கு ஒரு தடவை, அவன் வரும் நேரம் பார்த்து, கேட்கிற சாமானை வைத்துவிட்டு, அவன் எடுத்துப் போனதும் மீதியைத் தூக்கிவிடுவான். தன்னுடைய டூட்டியையும் பார்த்துக்கொண்டு இந்த வேலையையும் பார்த்தான். உழைப்பாளிதான், அதில் யாரும் குறை சொல்ல முடியாது.

பாலகுரு ஒவ்வொரு ட்ரிப்பிலும் தூணுக்குப் பின்னால் வந்தான், குனிந்தான், தேடினான், நிமிர்ந்து இங்கேயும் அங்கேயும் பார்த்தான், பிறகு வண்டியைத் திருப்பிக்கொண்டு தூரத்து ரேக்குக்கு ஓடினான். ஏழாம் வரிசையிலிருந்து அதைப் பார்த்த ரெங்கராஜுக்கு முதல் நாள் அப்படி ஒரு சுகம். ஆறிய சோற்றில் ரசம் ஊற்றிய மாதிரி இருந்தது.

"மச்சான், எம் சைஸக் காணோமே?"

"காலைலதான் வச்சேன் மாப்ளே. எவனோ எடுத்திருப்பான். அடுத்த ட்ரிப்புக்குள்ள வச்சுர்றேன், வந்து பாரு."

மூன்று நாளும் இதுதான் நடந்தது. மூன்றாம் நாள் பாலகுரு எதுவும் கேட்கவில்லை. வந்தான், குனிந்தான், நின்றான், போனான். அவன் முகத்தில் வழக்கமான சிரிப்பு இல்லாததை ரெங்கராஜ் கவனித்தான். களைப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

பதினைந்து நாள் கழித்து, மத்தியானம் இரண்டு மணிக்கு எல்லோரையும் கேன்டீனுக்கு வரச் சொன்னார்கள். சுவர் நிறையத் திரை. சம்யுக்தா லேப்டாப்பைத் தட்டியதும் திரையில் அவர்களுடைய குடோன் அப்படியே எழுந்து நின்றது. அதே வரிசைகள், அதே பேக்கிங் மேஜை, பதினாலாம் வரிசை முனையில் அதே தூண். இருபத்திரண்டு குட்டி மஞ்சள் மனிதர்கள் தள்ளுவண்டியோடு நடந்தார்கள். ஒவ்வொரு தலைக்கு மேலும் ஒரு ஐடி நம்பர்.

பையன்கள் தங்கள் நம்பரைத் தேடிச் சிரித்தார்கள். ரெங்கராஜ் ஏழைத் தேடினான். ஏழு தூண் பக்கம் போய்க்கொண்டிருந்தது. போனது, குனிந்தது, நின்றது, இங்கேயும் அங்கேயும் பார்த்தது, பிறகு தூரத்து ரேக்குக்கு ஓடியது. ஏழுக்குப் பின்னால் பன்னிரண்டு, அதன் பின்னால் மூன்று. இருபத்திரண்டு மஞ்சள் மனிதர்களும் ஒவ்வொரு ட்ரிப்பிலும் அந்த மூலைக்குப் போய்க் குனிந்து தேடிக்கொண்டிருந்தார்கள். சில நேரம் அங்கே கியூ நின்றது.

இருபத்திரண்டு பேரும் பாலகுரு. ரெங்கராஜும் பாலகுரு. பதினோரு வருடம் உழைத்துச் சம்பாதித்த ஏழாம் நம்பர், மச்சினனின் நடையை நடந்துகொண்டிருந்தது. ரெங்கராஜுக்கு எழுந்துபோய்த் திரையைக் கிழிக்கலாமா என்று வந்தது.

"ஒருத்தரோட நடையத்தான் எல்லாருக்கும் குடுத்திருக்கோம்ங்க," என்றாள் சம்யுக்தா. "பாலகுருவ ஏன் எடுத்தோம்னா, ஆறு மாச ரெக்கார்டுல அவர்தான் கரெக்டா சராசரி. வேகமும் இல்ல, மெதுவும் இல்ல. சிமுலேஷனுக்கு அதுதான் வேணும்."

சராசரியாம். ரெங்கராஜ் நிமிர்ந்தான். பெரிய மாலை என்று நினைத்துப் பதினைந்து நாளாக எதைப் பார்த்து வயிறெரிந்தானோ, அது மாலையே இல்லையாம்.

"அப்ப வேகமான ஆளு?" என்று யாரோ கேட்டார்கள்.

"ஐடி ஏழா? அந்த ரெக்கார்ட நீக்கிட்டோம்ங்க. நூறு மீட்டர் தள்ளி இருக்கற ரெண்டு ரேக்க ஆறு செகண்டுல ஸ்கேன் பண்ணதா காட்டுது. மனுஷனால முடியாது. ஸ்கேனர் பழுதுன்னு எழுதி எடுத்துட்டோம்."

பழுதாம்! ரெங்கராஜின் கெட்டிக்காரத்தனமே அவனைக் கணக்கிலிருந்து தூக்கி எறிந்திருந்தது.

சம்யுக்தா அடுத்த பக்கத்துக்குப் போனாள். ஒரு ட்ரிப்புக்கு ஆகும் நேரத்தையும் அந்த மூன்று நாள் பதிவிலிருந்தே எடுத்ததில், மனித நடையின் வேகம் எதிர்பார்த்ததைவிட ரொம்பக் குறைவாக வந்திருக்கிறது என்றாள். அந்த வேகத்துக்கு, பதினாறு ரோபோ வண்டிகளும் ஆறு ஆட்களும் போதும் என்று சிமுலேஷன் சொல்கிறது. கேன்டீனில் சிரிப்பு நின்றது. இருபத்திரண்டில் ஆறு போனால் பதினாறு என்ற கணக்கை எல்லோரும் ஒரே நேரத்தில் போட்டார்கள்.

"ஒரு சந்தேகம்," என்று அவள் தூணைச் சுட்டிக்காட்டினாள். "பாலகுரு, ஒவ்வொரு ட்ரிப்லயும் இங்க வந்து சராசரியா பத்தொன்பது செகண்ட் நிக்கறீங்க. லேஅவுட்ல இது காலி இடம். இங்க என்ன வேலைங்க உங்களுக்கு?"

இப்போது எல்லாக் கண்ணும் பாலகுரு மேல். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அவன் சொன்னால் போதும், ஸ்டிக்கர் அட்டைகள் இன்னும் தட்டுக்குள்தான் இருக்கின்றன.

பாலகுரு எழுந்தான். ரெங்கராஜை ஒரு தடவை பார்த்தான்.

"முட்டி வலி மேடம். அடிக்கடி உக்கார முடியாதுல்ல, அதான் அங்கிட்டுத் தூணுக்குப் பின்னாடி போயிக் குனிஞ்சு காலப் பிடிச்சுவிட்டுக்குவேன்."

யஹ்யா பாய் நெற்றியில் அடித்துக்கொண்டார். முட்டி வலிக்காரனை எந்தக் கம்பெனி வைத்துக்கொள்ளும்? அந்த ஆறு பேரில் பாலகுரு இல்லை என்பது அந்த நொடியே எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

கூட்டம் கலைந்ததும் ரெங்கராஜ் அவனைக் கைகழுவும் இடத்தில் மடக்கினான். "எதுக்குடா அப்புடிச் சொன்ன?"

"பின்ன என்ன மச்சான் சொல்லச் சொல்றீக? ஜெராக்ஸக் காட்டிக்குடுக்கவா? அக்கா மூஞ்சில நான் எப்புடி முழிக்கிறது?"

"உனக்கு... தெரியுமா?"

பாலகுரு குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினான். துடைக்காமலே சொன்னான். "ரெண்டாம் நாளே பாத்துட்டேன். எம் சைஸ் பெட்டிய நீங்க தூக்கிக்கிட்டுப் போறத."

"அப்பறமும் மூணாம் நாளு எதுக்குடா வந்து வந்து நின்ன?"

"மொத நாளு பஸ்ஸுல கேட்டேன்ல, வச்சிருக்கீகளான்னு. வச்சிருக்கேன்டான்னு சொன்னீகல்ல."

இவ்வளவுதான் சொன்னான். திட்டவில்லை, சட்டையைப் பிடிக்கவில்லை. ஈர முகத்தோடு டூட்டிக்குப் போய்விட்டான்.

ரெங்கராஜ் குழாயடியிலேயே நின்றான். எதிரிக்குச் சகுனத்தடை ஆகட்டும் என்று தன் மூக்கை அறுத்துக்கொண்டவன் கதையைச் சின்ன வயதில் கேட்டுச் சிரித்திருக்கிறான். இங்கே எதிரியும் இல்லை, அறுபட்டதோ பதினாறு பேர் மூக்கு. அவனுக்கு வெட்கமாக இருந்தது. அழுகை வருமோ என்று பயமாகவும் இருந்தது.

இனி அவன் செய்ததைக் கேட்டு அவனை உத்தமன் என்று யாரும் அவசரப்பட்டு எண்ண வேண்டாம். அவன் நெஞ்சைத் திறந்து பார்த்தால் வெட்கத்துக்குப் பக்கத்திலேயே பழைய நெருப்பும் அணையாமல் கிடந்தது. இந்தப் பயல் இப்போது தியாகியாகவும் ஆகிவிட்டானே! நாளைக்கு ஊருக்குப் போவான், முட்டி வலிக் கதை ஒரு நாள் உடையும், நாகஜோதி தம்பியைக் கட்டிக்கொண்டு அழுவாள், வீட்டுக்காரனைத் திரும்பியும் பார்க்க மாட்டாள். நடையிலும் அவன், குணத்திலும் அவனா? அந்தப் பெருமையையாவது அவனுக்கு விட்டுக்கொடுக்க ரெங்கராஜுக்கு மனசு வரவில்லை. போதாததற்கு அந்தப் பெண் தன்னைப் பழுது என்று வேறு எழுதி வைத்திருக்கிறாள்.

பதினாலாம் வரிசைக்குப் போனான். தட்டுக்குள் கையை விட்டு எட்டு அட்டைகளையும் உருவினான். கேன்டீனில் லேப்டாப்பை மூடிக்கொண்டிருந்த சம்யுக்தாவின் முன்னால் அவற்றைப் பரப்பிவைத்தான். யஹ்யா பாயும் அங்கேதான் இருந்தார்.

"மேடம், ஏழாம் நம்பரு பழுதில்ல. அது நான்தான். இந்தாங்க."

எல்லாவற்றையும் சொன்னான். மூலைக்கடை போட்டது, நகல் எடுத்தது, மூன்று நாளும் மாற்றி மாற்றி வைத்து மச்சினனை அலைக்கழித்தது, அவனுக்கு முட்டி வலியே கிடையாது என்பது. "அவன் சராசரிகூட இல்ல மேடம். வேற யாரும் கெடுக்காம விட்டா நல்லா நடப்பான். அதையும் எழுதிக்கங்க."

"எதுக்குங்க இப்படிப் பண்ணீங்க?" என்று கேட்டாள் அவள்.

"பொறாமை மேடம்," என்றான். அதற்கு வேறு பெயர் அவனுக்குத் தெரியவில்லை.

"யா அல்லாஹ்," என்றார் யஹ்யா பாய். "ரெங்கராஜு, இத ஆபீஸுக்கு நான் எழுதியாகணும். தெரியும்ல?"

"தெரியும் பாய்."

சம்யுக்தா அவர்கள் பேச்சைக் கேட்டமாதிரி தெரியவில்லை. அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள், நீக்கி வைத்திருந்த ஏழாம் நம்பரின் ரெக்கார்டைத் திறந்தாள், திரும்பவும் அட்டையைப் பார்த்தாள். "இந்த எட்டு ஐட்டம் எப்படிங்க எடுத்தீங்க? எந்தக் கிழமைக்கு எது போகும்னு பார்த்து மாத்தறீங்களா?" என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை ட்ரிப் செட் கூடப் போகும், வியாழக்கிழமை கையுறை என்று அவன் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டாள். ஆறு வருடத்தில் முதல் தடவையாக ஒருவர் அவனுடைய கடையைப் பற்றி அவனிடம் கேட்டிருக்கிறார். வேலை போகப் போகிற அந்த நேரத்திலும் அவனுக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்துகொண்டது.

அடுத்த வாரம் மறுபடியும் ஓட்டினார்கள். பாலகுருவை இன்னொரு மூன்று நாள் நடக்கவிட்டார்கள். பதினாலாம் வரிசை மூலையில் முறையான ஸ்டிக்கரோடு ஒரு சின்ன ஸ்டாக் வைத்து, தூரத்துப் பெட்டிகளை ரோபோ வண்டிகள் அங்கே கொண்டுவந்து நிரப்ப, ஆட்கள் அங்கிருந்தே எடுப்பதாக சிமுலேஷனை மாற்றினாள் சம்யுக்தா. கணக்கு மாறியது. ஏழு ரோபோ வண்டி, பதினைந்து ஆள். ரோபோ பாதிக்குமேல் குறைந்ததால் கம்பெனிக்கும் வலிக்கவில்லை. ஆறு என்று இருந்தது பதினைந்தானதில் குடோனே மூச்சுவிட்டது.

அந்தப் பதினைந்தில் பாலகுரு உண்டு. ஏழு வண்டிகளையும் கவனித்துக்கொள்ளும் வேலையும் அவனுக்கே வந்தது. ரெங்கராஜ் அதில் இல்லை. ஸ்டிக்கர் நகலெடுத்ததற்கு போலீஸ் வரைக்கும் போகாமல் யஹ்யா பாய் காப்பாற்றினார். அதற்குமேல் அவரால் ஆகவில்லை. மாதக் கடைசியோடு விசா கேன்சல், ஊருக்கு டிக்கெட்.

கடைசி நாள் மத்தியானம் ரெங்கராஜ் யூனிஃபார்மையும் ஸ்கேனரையும் ஒப்படைக்க வந்தான். வந்தவனுக்குப் பதினாலாம் வரிசைப் பக்கம் போகாமல் இருக்க முடியவில்லை. முதல் ரோபோ வண்டிகள் வந்து சேர்ந்திருந்தன. தட்டையாக, முழங்கால் உயரத்துக்கு, மஞ்சள் நிறத்தில் ஒன்று எம் சைஸ் கையுறைப் பெட்டிகளைச் சுமந்துகொண்டு தூணருகே வந்து நின்றது. தட்டில் கையுறை இருக்க வேண்டிய இடத்தில் கையுறை இருந்தது. தூணில் புதிதாக ஒரு பலகை அடித்திருந்தார்கள். அதில் ஆங்கில எழுத்தில் "பாலகுரு ஸ்டாப்" என்று இருந்தது.

ரெங்கராஜ் அதை இரண்டு தடவை படித்தான்.

பாலகுரு வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தான். "மச்சான், நான் சொல்லிச் சொல்லிப் பாத்துட்டேன். மொத தடவ பதிவு பண்ணையில டேக் கட்டுன ஆளு பேரையே அந்த எடத்துக்குக் கம்ப்யூட்டர் வச்சுக்கிருச்சாம். ரோபோவுக்கெல்லாம் அந்தப் பேருதான் ஏறியிருக்காம், இனிமே மாத்துனா எல்லாத்தையும் மாத்தணுமாம். உங்க பேருதான் வரணும்னு மேடத்துக்கிட்ட சண்டையே போட்டேன் மச்சான்."

ஆறு வருடம் ரெங்கராஜ் கட்டிக் காத்த கடை. அவன் கண்டுபிடித்த மூலை. அதற்குப் பாலகுருவின் பெயர். வயிற்றில் அந்தப் பழைய நெருப்பு குப்பென்று எழும்பியது. அப்போது பார்த்து போன் அடித்தது. நாகஜோதி.

"ஏங்க, எல்லாம் எடுத்து வச்சாச்சா? நாளைக்கு வெள்ளனயே வந்துருவீகல்ல?" அவன் ஏன் வருகிறான் என்று அவளுக்குத் தெரியும். அவனே சொல்லியிருந்தான், எதையும் மறைக்காமல். மூன்று நாள் அவள் பேசவில்லை. நாலாம் நாள், வந்து சேருங்க என்று மட்டும் சொன்னாள். இன்றைக்குத்தான் குரல் பழையபடி வந்திருந்தது. "ஏங்க, அங்க ஒரு எடத்துக்குத் தம்பி பேரு வச்சிருக்காய்ங்களாமே? உமாராணி அக்கா மகன் அங்கனதான இருக்கான், அவன் போட்டோ அனுப்புனான். நெசமாவா?"

எதிரே பாலகுரு நின்றுகொண்டிருந்தான். திட்டு வாங்கக் காத்திருக்கிறவன் மாதிரி தலையைக் குனிந்திருந்தான். அந்த மூலை என்னுதுடி, நான் போட்ட கடைடி என்ற வார்த்தை ரெங்கராஜின் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அவனுக்கு மூன்றாம் நாள் ஞாபகம் வந்தது. இருக்காது என்று தெரிந்தும் ஒருவன் ட்ரிப்புக்கு ட்ரிப் இந்தத் தூணுக்குப் பின்னால் வந்து குனிந்து பார்த்ததும், பத்தொன்பது நொடி நின்றதும்.

"நெசந்தான் ஜோதி," என்றான். "அங்க நின்னது உன் தம்பிதான்."

சொல்லி முடித்த பிறகும் வயிறு எரியத்தான் செய்தது. போனைப் பாலகுருவின் கையில் கொடுத்துவிட்டு, ஸ்கேனரை ஒப்படைக்க ஆபீஸ் பக்கம் பரபரவென்று நடந்தான்.